முசேயின் வண்டி

எங்கள் தெருவில் முசே என்றால் ஒருவரைத்தான் குறிக்கும். புதுச்சேரியில் முசேக்களுக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். இருந்தாலும் எதிர்வீட்டுக்காரர் ஒருவரைத்தான் பால்காரர் முதல் பேப்பர் போடும் பையன் வரை அப்படிக் கூப்பிட்டார்கள். போன வருஷம் ஐப்பசியில் அவர் காலமானார். வயது 77. அவர் விட்டுப்போன காரை நான் வாங்கலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் என் வீட்டில் வழக்கு நடந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

வண்டி 2013-ஆம் வருஷத்தது. வெள்ளை நிறம், டீசல், பின்னால் டிக்கி வைத்தது. எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அதே வண்டியை வைத்திருக்கும் நண்பர்கள் ஒரு பக்கமும், அதை விற்றுத் தலைமுழுகியவர்கள் இன்னொரு பக்கமும் என்னைப் போனில் பிடித்துக்கொள்வார்கள். மீட்டரில் 1,94,380 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

அந்த எண்ணைச் சொன்னதும் பெங்களூரில் இருக்கும் என் மகன் சிரித்தான். "பூமியை அஞ்சு ரவுண்டு அடிச்ச வண்டிப்பா அது. அதுல இனிமே என்ன மிச்சம் இருக்கும்?"

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் சொச்சம். பையன் சொன்னது ஏறக்குறைய சரிதான். நம் ஊரோ வடக்கே கனகசெட்டிக்குளத்தில் ஏறினால் தெற்கே முள்ளோடையில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு மனுஷர் பத்தரை வருஷத்தில் அவ்வளவு தூரம் எங்கேதான் போனார் என்பது எனக்கே புரியவில்லை.

எழுபத்து நாலு வயதில் எனக்கு எதற்குக் கார் என்று கேட்பீர்கள். 2018-ல் என் பழைய மாருதி 800-ஐ விற்றபோது இனி கார் இல்லை என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் என் மனைவியின் ஊர் காரைக்கால். எழுபதுகளின் நடுவில் என்னை அங்கே மாற்றல் செய்தார்கள். தண்டனை என்று நினைத்துப் போனேன், கல்யாணம் செய்துகொண்டு திரும்பினேன். அவளுடைய அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். 81 வயது. கொஞ்ச நாளாக ஞாபகம் தவறுகிறது. போன தீபாவளிக்குப் போனபோது என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசிவிட்டு, கிளம்பும்போது, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் இவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒன்றுதான் சொன்னாள்: "மாசம் ஒரு தடவை பாக்கணுங்க. என்னைத் தெரியறவரைக்கும்."

பஸ்ஸில் போகலாமே என்றால், கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி என்று மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. வெளியே சொல்லும் காரணம் முட்டிவலி. வெளியே சொல்லாத காரணத்தைச் சர்க்கரை உள்ளவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. பஸ் பயணம் என்றால் முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். வாடகைக் கார் ஒரு நாளைக்கு டிரைவரோடு 4,500 ரூபாய். ஒரு கிளார்க்கின் பென்ஷனில் மாதாமாதம் அது முடிகிற காரியமில்லை.

மகன் சொன்ன யோசனை வேறு. அவனுக்குத் தெரிந்த தரகர் ஒருவர் மூலம் லாஸ்பேட்டையில் ஒரு வண்டி இருந்தது. 2014, பெட்ரோல். ஓடியது 38,000 மட்டும். ஒரு டாக்டர் வீட்டு வண்டி. விலை 2,60,000. போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. பெயின்ட் பளபளவென்று இருந்தது. டயரைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கத்தில் ஓர் எண் இருக்கும், நம்மில் பலர் கவனிப்பதில்லை. முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டும் எந்த வருஷம். அந்த வண்டியில் நாலு டயரும் 2014-லேயே செய்தவை. பத்து வருஷ ரப்பர். பட்டன் தேயவே இல்லை, ஆனால் ஓரமெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஓடாமல் நின்ற வண்டி. டயர் அப்படி என்றால் உள்ளே இருக்கும் ஹோஸ், பெல்ட், வாஷர் எல்லாம் எப்படி இருக்கும் என்று என் மண்டைக்குள் ஓடியது. ஆனாலும் 38,000 என்ற எண் ஆளை மயக்குகிற எண். நான் மயங்கத்தான் செய்தேன். பிறகு 1993 ஞாபகம் வந்தது.

அந்த வருஷம் ஜி.பி.எஃப்.பில் கடன் போட்டு ஒரு பழைய பத்மினி வாங்கினேன். தரகர் விழுப்புரத்துக்காரர். மீட்டரில் 41,000 கிலோமீட்டர். எண்ணைக் கண்டதும் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. அலுவலகத்தில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு இது ஒரு நோய், எழுதியிருந்தால் நம்பிவிடுவான். வீட்டுக்கு ஓட்டி வந்த பிறகுதான் பிரேக் பெடலைப் பார்த்தேன். ரப்பர் முழுக்கத் தேய்ந்து இரும்பு தெரிந்தது. டிரைவர் சீட்டில் ஒரு பள்ளம், அதில் குழந்தையைத் தூங்க வைக்கலாம். 41,000 கிலோமீட்டரில் பெடல் ரப்பர் அப்படித் தேயாது. எஞ்சினைப் பிரித்த மெக்கானிக், "மீட்டரைப் பின்னால சுத்தி விட்டுருக்காங்க சார், அதுக்கின்னே ஆளு இருக்கு" என்று சாவகாசமாகச் சொன்னார். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் மீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடியும் பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். ஆகவே பின்னால் சுற்றினார்களா, தானாகவே சுற்றி வந்ததா என்று கடைசிவரை தெரியவில்லை. பதினாலு மாதம் அவஸ்தைப்பட்டுப் பாதி விலைக்குத் தள்ளினேன். கடன் மட்டும் இன்னும் மூன்று வருஷம் சம்பளத்தில் பிடித்தார்கள்.

அந்த அனுபவம் இருந்ததால்தான், எதிர்வீட்டு வாசலில் நின்ற வண்டியின் 1,94,380 என்னைப் பயமுறுத்தவில்லை. யாரும் மீட்டரைத் திருத்தி இந்த எண்ணை வைக்க மாட்டார்கள்.

முசேயின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தெரு அவரை மதாம் என்கிறது. கடலூர் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். கணவர் பதினாறு வருஷம் பிரான்சில் பட்டாளத்தில் இருந்தபோது இவர் இங்கேயே மாமியாரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். போன்ழூர், மெர்சி தவிர பிரெஞ்சு தெரியாது. பென்ஷன் சம்பந்தமான தாள், உயிரோடு இருப்பதாக வருஷாவருஷம் அனுப்பும் சான்று, எல்லாம் முசேயே நிரப்புவார். இப்போது நான் நிரப்பிக் கொடுக்கிறேன். மகள் பாரிஸ் பக்கம் இருக்கிறாள். "காரை சீக்கிரம் தள்ளிவிடும்மா, நின்னா துருப்பிடிக்கும்" என்பதோடு அவள் வேலை முடிந்தது.

ஒரு தரகர் வந்து அக்காவிடம் 1,40,000 தருவதாகச் சொல்லியிருக்கிறார். அக்கா என்னைக் கூப்பிட்டு, "அவனுக்குக் குடுக்கறத உனக்குக் குடுத்துட்டுப் போறேன் தம்பி. நீ எடுத்தா வண்டி என் கண்ணு முன்னாடியே நிக்கும்" என்றார்.

என் மனைவிக்கு அதுதான் பிடிக்கவில்லை. "முப்பது வருஷமா எதிரும் புதிருமா இருக்கோம். நாளைக்கு வண்டி நடுரோட்ல நின்னா நீங்க அக்காவைத்தான் திட்டுவீங்க. வாய்ல திட்டாட்டியும் மனசுல திட்டுவீங்க. வேணாங்க." காரைக்காலுக்குப் போக வேண்டியவளே அவள்தான். அவளே வேண்டாம் என்றாள்.

மாருதி வைத்திருந்த காலத்தில் இருந்து எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் நெல்லித்தோப்பில் இருக்கிறார். அவரைக் காலை ஆறு மணிக்கு அழைத்து வந்தேன். வாரத்துக்கு ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் செய்துவைக்கும் அக்காவின் தம்பி மகனிடம், தொடாதே என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். சூடான எஞ்சின் பொய் சொல்லும், ஆறிய எஞ்சினைத்தான் கேட்க வேண்டும் என்பார் மெக்கானிக். சாவியைத் திருப்பியதும் ஒரு கணம் கறுப்பாகக் கொஞ்சம் புகை, பிறகு ஒன்றுமில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் பார்த்தார். அங்கே மோர் கலந்த மாதிரி வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டியை விட்டு ஓடிவிட வேண்டும். அப்படி எதுவும் இல்லை. ரேடியேட்டர் தண்ணீர் டப்பாவைப் பார்த்தார், கோடு வரை இருந்தது. டயர் 2022. பெடல் ரப்பரைக் குனிந்து நானே பார்த்தேன். தேய்ந்திருந்தது, இரண்டு லட்சத்துக்குத் தேய வேண்டிய அளவு. அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் மூன்றாவது கியரிலேயே ஏற்றிப் பார்த்தோம். முனகாமல் ஏறியது.

"நல்லாத்தான் சார் இருக்கு. ரெண்டு லட்சம்னு மீட்டர் சொன்னாத்தான் உண்டு" என்றார். இதே மாதிரி வண்டி வெளியே என்ன போகும் என்று கேட்டேன். இரண்டு லட்சம் சொல்வார்கள், அதற்குக் கொஞ்சம் முன்னே பின்னே என்றார். வேறு இரண்டு இடத்தில் விசாரித்ததிலும் அதேதான் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா வண்டியின் காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். அடியில் ஒரு நோட்டுப் புத்தகம். அதைத் திறந்ததும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது. பிரான்சில் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டு. நீலத்தில் பெரிய கட்டங்கள், நடுவே மெல்லிய குறுக்குக் கோடுகள், இடது பக்கம் சிவப்பில் மார்ஜின். 1962 ஆகஸ்ட் 16-ல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில். அந்தக் கோடுகளுக்குள் எழுத்தின் வால் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதற்கு முட்டியில் அடி வாங்கியவன் நான். முசேயும் அதே அடியை வாங்கியிருக்க வேண்டும். அத்தனை பக்கமும் மணி மணியாக எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் பராமரிப்புப் புத்தகம் என்று பிரெஞ்சில் தலைப்பு, வண்டி எண், வாங்கிய தேதி, 14 கிலோமீட்டர்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன் ஒரு மணிக்குத்தான் எழுந்தேன்.

அந்த 1,94,380 எங்கே போனது என்பது அங்கே இருந்தது. மாதத்துக்கு இரண்டு தடவையாவது சென்னை ஏர்போர்ட், போகவர முந்நூறு. பாரிசில் இருந்து வரும் அண்ணன் பிள்ளைகள், மச்சான், பட்டாளத்து நண்பர்கள், அவர்களுடைய சம்பந்திகள். ஜூலை, ஆகஸ்ட் வக்கான்ஸ் வந்துவிட்டால் வேளாங்கண்ணி, தஞ்சாவூர், மதுரை. எல்லாம் நெடுஞ்சாலை ஓட்டம். இதன் அர்த்தம் வண்டி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். ஐந்து ஐந்து கிலோமீட்டராக அறுபது தடவை கடைத்தெருவுக்குப் போன வண்டியும், ஒரே மூச்சில் முந்நூறு போன வண்டியும் மீட்டரில் ஒன்றுதான். முதல் வண்டியில் எஞ்சின் அறுபது தடவை ஆறிக் கிடந்து ஸ்டார்ட் ஆகியிருக்கும். கிளட்சையும் பிரேக்கையும் எத்தனை ஆயிரம் முறை மிதித்திருப்பார்கள் என்று கணக்கே இல்லை. இரண்டாவது வண்டி ஒரு தடவை சூடாகி, மேல் கியரில் நிம்மதியாக ஓடியிருக்கும்.

10,000 கிலோமீட்டருக்கு ஒரு எண்ணெய் மாற்றம், ஒன்றுகூடத் தவறவில்லை. 1,21,000-ல் புது கிளட்ச். 1,58,000-ல் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும். 2022-ல் நாலு டயர், பாட்டரி. ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் மூன்று எழுத்து: எர், ஆ, எஸ். 'ரியேன் ஆ சிஞாலே' என்பதன் சுருக்கம். குறிப்பிட ஒன்றுமில்லை. பட்டாளத்தில் காவல் முடிந்து வருகிறவன் மேலதிகாரியிடம் சொல்லும் வார்த்தை. பென்ஷன் வாங்கிய பிறகும் மனுஷர் தினமும் யாருக்கோ ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஒரு பக்கத்தில் என் பார்வை நின்றுவிட்டது. 2019 நவம்பர். "காரிக்கால், இரவு. எதிர்வீட்டுக்காரர், மதாம். மரணம். 268 கிலோமீட்டர். எர், ஆ, எஸ்."

என் மச்சான் இறந்த ராத்திரி அது. தகவல் வந்தபோது மணி ஒன்றரை. நான் வாசலில் நின்று வாடகைக் காருக்குப் போன் செய்துகொண்டிருந்த சத்தம் கேட்டு எழுந்து வந்தவர், சட்டையை மாட்டிக்கொண்டு சாவியோடு நின்றார். நல்ல மழை. சீர்காழி தாண்டி நடுரோட்டில் படுத்திருந்த மாட்டைக் கடைசி நேரத்தில் பார்த்து வண்டியை ஒடித்தார். நாங்கள் மூன்று பேரும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. மறுநாள் அடக்கம் முடியும்வரை வண்டியிலேயே தூங்கினார். டீசலுக்குப் பணம் கொடுத்ததற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மழையும் இல்லை, மாடும் இல்லை, குறிப்பிட ஒன்றுமில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்.

கடைசி இரண்டு பக்கத்தில் கையெழுத்து கோட்டை விட்டு இறங்கத் தொடங்குகிறது. 2023 தை மாசத்தில் இருந்து அவருக்கு உடம்பு சரியில்லை. குறிப்புகளும் மாறுகின்றன. "தண்ணீர் அரை லிட்டர் ஊற்றினேன்." மூன்று மாதம் கழித்து மறுபடி அரை லிட்டர். பிறகு ஒன்றரை மாதத்தில். பிறகு மூன்று வாரத்தில். கடைசிக் குறிப்பு ஆகஸ்டில்: "பேர் த லோ. ஷெர்ஷே. ல தீர் ஆ லாஷ்தேர்." தண்ணீர் குறைகிறது. எங்கே என்று தேட வேண்டும். வாங்குகிறவரிடம் இதைச் சொல்ல வேண்டும். அதற்குக் கீழே எர், ஆ, எஸ் இல்லை.

தான் திரும்பி வரமாட்டோம், வண்டி விலைக்குப் போகும் என்று ஆகஸ்டிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மெக்கானிக் பார்த்தபோது டப்பா நிறைந்திருந்ததே என்று யோசித்தேன். மறுநாள் அந்தப் பையனிடம் விசாரித்தால், வாரா வாரம் குறைந்ததை அவன் குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறான். மாமா அப்படித்தான் சொல்லியிருந்தாராம். எஞ்சினில் தண்ணீர் குறைவது சாதாரண ஹோஸ் ஓட்டையாகவும் இருக்கலாம். உள்ளே கேஸ்கட் போயிருந்தால் எஞ்சின் தலையைக் கழற்ற வேண்டும், நாற்பதாயிரம் வரை இழுக்கும் என்றார் மெக்கானிக்.

இங்கேதான் என் யோக்கியதையைப் பற்றிக் கொஞ்சம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த வீட்டில் அந்த நோட்டைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தெருவிலேயே நானும் இன்னும் ஒருவரும்தான். முன்பக்கங்களை மூடி வைத்துவிட்டால் இரண்டு லட்சம் பெறுகிற வண்டி 1,40,000-க்குக் கிடைக்கும். மிச்சம் என் ஒரு மாத பென்ஷனைவிட அதிகம். அதோடு நிறுத்தவில்லை மனசு. கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டினால் அக்கா இன்னும் ஒரு இருபதாயிரம் குறைப்பார், அதுவும் பொய் இல்லையே, முசே எழுதியதுதானே என்றது. ராத்திரி ஒரு மணிக்கு மனசு ரொம்பத் தெளிவாக வாதாடும்.

1974-ல் நடந்தது ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். பிரெஞ்சு தெரியும் என்பதால் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள் இருக்கும் மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு வயதான அம்மாள் பாகூர்ப் பக்கம் இருந்து நடந்தே வந்தார். மகனின் பிறப்புப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொன்னார். படித்தேன், தமிழில் சொன்னேன், அனுப்பிவிட்டேன். பிரெஞ்சுப் பத்திரங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிறகு நடக்கும் திருமணம், பெயர்த் திருத்தம் போன்றவற்றை மார்ஜினில் பொடி எழுத்தில் ஏற்றுவார்கள். அந்தப் பத்திரத்தின் மார்ஜினில் பெயரைத் திருத்திய குறிப்பு இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு அவசரத்தில் நான் அதைப் படிக்கவில்லை. பழைய பெயரிலேயே மனு எழுதிக் கொடுத்து, அது திரும்பி வந்து, அந்த அம்மாள் மறுபடியும் அவ்வளவு தூரம் நடந்து வந்தார். எனக்கு மூத்த கிளார்க் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "அந்தம்மாவுக்குக் கண்ணு நீதானே. பாதிக் கண்ணாலயா பார்ப்பே?" முப்பத்தாறு வருஷ சர்வீஸ் பாக்கி இருந்தது எனக்கு. அதற்குப் பிறகு மார்ஜினைப் படிக்காமல் எந்தக் காகிதத்தையும் கீழே வைத்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் என் மனைவியையும் அழைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். முதல் பக்கத்தில் இருந்து படித்தேன். எண்ணெய் மாற்றியதையெல்லாம் தாண்டிப் போகலாம் என்று பார்த்தால் அக்கா விடவில்லை. "எந்த தேதி? அன்னிக்கா? அன்னிக்கு எங்க ஓர்ப்படி வந்தா" என்று ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு கதை வந்தது. காபி இரண்டு தடவை ஆயிற்று. 2019 நவம்பரைப் படித்தபோது என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். கடைசிப் பக்கத்தைப் படித்ததும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார். வண்டியைப் பற்றிக் கேட்டாரா, வேறு எதைப் பற்றியா என்று நான் கேட்கவில்லை.

அதன்பின் நடந்தது தலைகீழ் பேரம். வண்டி 2 லட்சம் பெறும் என்று நான் சொல்கிறேன். ஒன்று நாற்பதுக்கு மேல் ஒரு பைசா வாங்க மாட்டேன் என்று அவர் சொல்கிறார். "அவரு எழுதுனதப் படின்னா நீ வெலய ஏத்துறியே தம்பி." கடைசியில் என் மனைவிதான் உள்ளே புகுந்து, தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் பார்ப்போம், உள்ளே கோளாறு என்றால் வாங்க வேண்டாம், வெளியே என்றால் அந்தச் செலவு எங்களுடையது, விலை 1,85,000 என்று முடித்தாள். மூன்று வாரமாக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

மெக்கானிக் ரேடியேட்டரில் ஒரு பம்பை மாட்டிக் காற்று ஏற்றிவிட்டு விளக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வாட்டர் பம்புக்குக் கீழே ஒரு சொட்டு. தண்ணீர் காய்ந்த தடமும் அங்கே இருந்தது. எஞ்சின் உள்ளே எதுவும் இல்லை. பம்ப், இரண்டு ஹோஸ், புதுக் கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய்.

காகித வேலையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த வயதில் இது நம்மில் பலருக்கு வரும். உரிமையாளர் இறந்துவிட்டால் வண்டியை நேராக மூன்றாவது ஆளுக்கு மாற்ற முடியாது. முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டும் தேவை. மூன்று மாதத்துக்குள் கொடுக்கச் சொல்கிறது விதி. நாங்கள் கெடுவுக்கு நாலு நாள் முன்னால் கொடுத்தோம். மகளின் ஒப்புதல் பாரிசில் இருந்து வந்து சேரத்தான் நேரமாயிற்று. அதற்குப் பிறகுதான் விற்பனைக்கான 29-ம் 30-ம். இன்சூரன்ஸையும் பதினாலு நாளில் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். ஆர்.சி. 2028 வரை செல்லும். பதினைந்து வருஷம் முடிந்த காரைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய் இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். அப்போது எனக்கு 78. என் லைசென்ஸும் அதே வருஷம்தான் முடிகிறது. யாரை முதலில் புதுப்பிப்பார்கள் என்று பார்ப்போம் என்றேன் மகனிடம். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அக்காவும் வந்தார், பின் சீட்டில். இவள் இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். சிதம்பரத்துக்கு முன்னாலேயே ஒன்று காலி. எழுபதுக்கு மேல் நான் போகவில்லை, வண்டிதான் போகலாமே என்று சொல்லிக்கொண்டிருந்தது. காரைக்காலில் இவளுடைய அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு என்னைக் காட்டி, "இது யாரு, டிரைவரா?" என்றார்.

மறுநாள் காலையில் எஞ்சின் ஆறிய பிறகு டப்பாவைப் பார்த்தேன். தண்ணீர் கோட்டில் நின்றது. நோட்டை எடுத்து, அவர் விட்ட இடத்துக்குக் கீழே ஒரு வரி விட்டு எழுதினேன். காரிக்கால், 271 கிலோமீட்டர், மூன்று பேர், தண்ணீர் சரி. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அந்தக் கோடுகளுக்குள் எழுதுகிறேன். வால் கொஞ்சம் அதிகமாகவே இறங்கிவிட்டது. எர், ஆ, எஸ் போடலாமா என்று யோசித்தேன். ஆனால் திரும்பி வரும்போது வலது பின் கதவில் ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. அதை எழுதினேன்.